தண்ணீர்க் கோடு

தண்ணீர் குறைந்திருந்தால் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். இருபது வருடமாகக் கண்ணாடி வேலை செய்கிறவர்; கசிவை அடைப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மகளுக்கு வாங்கப்போகும் ஆமைக்காகத் தானே கண்ணாடி அறுத்து, பசை வைத்து ஒட்டி, கல், பூந்தொட்டி, மோட்டார் எல்லாம் உள்ளே வைத்து, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வெளிப்புறம் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு போட்டு ஒரு நாள் அப்படியே விட்டிருந்தார். எந்தப் புதுத் தொட்டியையும் அப்படித்தான் சோதிப்பார். கோட்டுக்குக் கீழே இறங்கினால் கசிவு. இறங்காவிட்டால் வேலை சுத்தம். சனிக்கிழமை மாலை வந்து பார்த்தபோது தண்ணீர் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் ஏறியிருந்தது.

"சுண்டு, தொட்டியில தண்ணி ஊத்துனியா?"

"ஐயோ, நான் கிட்டயே போகலப்பா." ஏழு வயது மகள் பொய் சொன்னால் மூக்கு விடைக்கும். விடைக்கவில்லை.

கோடு போட்டதில்தான் தப்பு என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டு, ஏறிய இடத்தில் இரண்டாவது கோடு போட்டார். மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இரண்டு நாள் தொடர் வேலை. போனில் சொன்னால், "ஊருக்கெல்லாம் அளந்து குடுப்பீங்க, வீட்டுக்குன்னா கோணலாத்தான் வரும்" என்று கேலி செய்வாள். அதனால் சொல்லவில்லை.

ஞாயிறு காலை கடைக்காரர் ஆமையைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவு. அது வெயில் காயக் கல் மேடு, மேட்டுக்கு மேல் சூடு விளக்கு, ஒளிந்துகொள்ளப் பாதியாக உடைத்த பூந்தொட்டி, அடியில் கூழாங்கல், தண்ணீரைச் சுத்தம் செய்ய மோட்டார் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "அரண்மனைதான் சார்! எது வந்தாலும் கிளம்பவே கிளம்பாது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஆமை தண்ணீரில் இறங்கவில்லை. கல் மேட்டின் உச்சியில், விளக்குச் சூட்டில் ஓடு காய்ந்து வெளுக்கிற வரை, காலையும் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. மகள் தீனி உருண்டைகளைத் தண்ணீரில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. "சாப்பிட்டுடுச்சுப்பா!" என்று குதித்தாள். அவர் ஆமையைத் தொட்டுப் பார்த்தார். ஓடு, கழுத்து மடிப்பு, கால் நகம் எல்லாம் காய்ந்திருந்தன. ஈரமே பட்டிருக்கவில்லை.

மதியம் மனைவி போனில் கூப்பிட்டாள். "சுண்டு குளிச்சாளா? இந்த வெக்கையில அப்படியே விட்றாதீங்க."

"இதோ, அனுப்புறேன்."

மகள் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் விழும் சத்தமும், அவள் பாடும் சத்தமும் வந்தன. ஜன்னல் முழுக்க வெயில். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட பட்டப்பகலில், சொந்த வீட்டு ஹாலில், ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்த்து அவர் ஓரடி பின்வாங்கினார். தண்ணீர் இரண்டாவது கோட்டையும் தாண்டி இன்னும் இரண்டு விரல் ஏறியிருந்தது. மழை இல்லை, குழாய் இல்லை, ஊற்ற ஆளில்லை. மோட்டார் ஒரே சீராக முனகிக்கொண்டிருக்க, தண்ணீரிலிருந்து வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையின் வாடை வந்தது.

தண்ணீர் தானாக ஊறாது. ஆனால் உள்ளே ஏதாவது ஒரு பொருள் புகுந்தால் ஏறும். இது தொழில் தெரிந்த புத்தி சொன்னது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு முழங்கை வரை இரண்டு கைகளையும் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தார். அரை விரல் ஏறியது. அவ்வளவுதான். அப்படியானால் ஏற்கெனவே நாலு விரல் ஏற்றியது எவ்வளவு பெரியது?

தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. உள்ளே எதுவும் இல்லை.

கைகளை அசைக்காமல் இருந்தார். அப்போது தண்ணீர் மெல்ல உயர்ந்தது. பிறகு மெல்லத் தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. யாரோ மூச்சு விடுவதுபோல.

கைகளை உருவிக்கொண்டார். இதை இப்போதே காலி செய்ய வேண்டும். மகள் அழுதால் அழட்டும். பின்கட்டுக்குப் போய் வாளியும் ரப்பர் குழாயும் எடுத்துக்கொண்டு திரும்பினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

தண்ணீர் முதல் கோட்டில் நின்றது. மிகச் சரியாக, அந்தக் கோட்டிலேயே.

தொட்டிக்குக் கீழே தரை ஈரம். ஈரம் அங்கிருந்து நீண்டு, நாற்காலியைச் சுற்றி, நடையைத் தாண்டிப் போயிருந்தது.

குளியலறையில் பாட்டு நின்றிருந்தது.

"சுண்டு!"

வாளி விழுந்தது. ஓடினார். கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினார்.

மகள் டப்பில் உட்கார்ந்திருந்தாள். ஓரமாக. முழங்காலைக் கட்டிக்கொண்டு, இடம் விட்டு. டப் வழிந்துகொண்டிருந்தது. குழாய் மூடியிருந்தது.

"அப்பா, மெதுவா வாங்க. பயந்துக்குது."

அவர் அவளை அக்குளில் கைகொடுத்து ஒரே தூக்காகத் தூக்கினார். இடது தோளில் போட்டு இறுக்கினார். அவள் உடம்பு சூடாக இருந்தது. உயிரோடு இருக்கிறாள். அது போதும். போய்விடலாம்.

ஆனால் கண் டப்பில் நிலைத்தது. பிள்ளையைத் தூக்கிய பிறகும் தண்ணீர் விளிம்பில்தான் நின்றது. ஒரு துளிகூட இறங்கவில்லை.

பிறகு இறங்கியது. மெதுவாக, சீராக, பாதி டப் வரை. உள்ளே இருந்த ஒன்று எழுந்து நிற்பதுபோல. அவர் முகத்துக்கு நேரே, வெறும் காற்றிலிருந்து, தண்ணீர் சொட்டியது.

"அதையும் தூக்கிக்கோங்கப்பா," என்றாள் மகள். "கை நீட்டுது பாருங்க."

காலியாக இருந்த வலது தோளில், ஈரமாக, ஜில்லென்று, ஒரு கனம் வந்து சாய்ந்தது.