குழாயை அடைத்த வெள்ளைப் பொடி

கருகிய மோட்டாரைப் பிரித்துப் பார்த்து, அதைக் கருக்கியது யார் என்று சொல்லிவிடுவதில் கொழிஞ்சாம்பாறை மெஹருன்னிசாவுக்கு நல்ல பெயர். அவள் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் பாண்டிக்கோ, மோட்டாரை விட்டுவிட்டு மனிதர்களைப் பிடிக்க வேண்டும் என்று ஆசை. போடிமெட்டுக்காரன், ஐம்பதைத் தாண்டியவன், கண்ணில் பட்டவரையெல்லாம் சந்தேகப்படுவான். அன்று காலை மழையோடு மழையாக மௌனிகா ஒரு கண்ணாடிக் குப்பியுடன் வந்து நின்றதும் அவன் மனம் துள்ளியது.

"அக்கா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு என்னைய வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க. இந்தப் பொடியாலதானுங்க."

குப்பியில் வெள்ளைப் பொடி. பாண்டி மூடியைத் திறந்து விரலை நீட்டினான். "உப்புதானான்னு பாத்துருவோம்."

"ஐயோ, நக்காதீங்க! நாக்கு வெந்துரும்!"

மௌனிகா, கோமதி கார்பனேட்ஸில் ஷிப்ட் ஆபரேட்டர். பேட்டரிக்குள் ஊற்றுகிற கரைப்பான் அங்கே தயாராகிறது. அதற்கான வினையூக்கி மெத்தனாலில் கரைந்து, தண்ணீர்போலத் தெளிவாக ஒரு டேங்கில் இருக்கும். கரைந்திருக்கும்வரைதான் அதனால் பயன். மூன்று வாரமாக அது பொடியாக இறங்கிக் குழாயை அடைக்கிறது. அடைத்த மூன்று முறையில் இரண்டு மௌனிகாவின் ஷிப்ட்.

"டேங்குல தண்ணி ஊத்திட்டேன்னு மெமோ குடுத்துட்டாங்க. துளி ஈரம் பட்டாக் கெட்டுப்போகும்னு எனக்குத் தெரியாதுங்களா? ரெண்டு வருசமா பொத்திப் பொத்தி வெச்சிருக்கறனுங்க."

"மூணு வாரத்துக்கு முன்னால என்ன நடந்துச்சு கண்ணு?" என்றாள் மெஹருன்னிசா.

"ஒண்ணுமில்லீங்க. வெளிநாட்டுக்காரங்க பாக்க வந்தாங்க. கம்பெனி பூரா பெயிண்ட் அடிச்சோம்."

மோட்டார் பழுது பார்க்கும் மெஹருன்னிசாவுக்கு அந்தக் கம்பெனியில் தடையில்லை. முதலாளி ரத்தினசாமியே குடை பிடித்து எதிரே வந்தார். கேட் ரோஜா நிறம், சுவர் ரோஜா நிறம், ஹெல்மெட் ரோஜா நிறம். அவர் சட்டைப் பையில் எட்டிப்பார்த்த கைக்குட்டையும் அதே நிறம்.

"எங்கூட்டுக் கோமதிக்குப் பிடிச்ச நிறமுங்க. பிராண்டுன்னா சும்மாவா? டேங்கு மேல இருக்கற மணியக்கூட நான் விட்டு வெக்கலை!"

டேங்கின் தலையில் ஒரு கண்ணாடி ஜாடி. டேங்கில் திரவம் குறையக் குறைய, வெளிக்காற்று அதன் வழியாகத்தான் டேங்குக்குள் போகும். ஜாடி நிறைய ஜவ்வரிசிபோல ரோஜா நிற மணிகள். மெஹருன்னிசா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்தில் ஸ்டோரைக் கவனிக்கும் கோபிநாத்.

பாண்டி அவள் காதருகே குனிந்தான். "ஸ்டோர் கோபிநாத்தைக் கவனிச்சீகளா? கையெல்லாம் ஈரம்!"

"மழை பேயுது பாண்டி. உன் கையும்தான் ஈரம். அந்த இரும்புக் கம்பியத் தொட்டுப் பாரு, அதுவும் ஈரம்." பிறகு கோபிநாத்திடம் கேட்டாள்: "குழாய் அடைச்சதெல்லாம் மழை நாளுங்களா?"

"ஆமாங்க, மூணும்."

"இந்த மணி எங்க வாங்குனீங்க?"

கோபிநாத் தலையைக் குனிந்துகொண்டான். "அது... இங்க இருந்ததுதானுங்க."

ஐந்து மணிக்கு விசாரணை. உள்ளே மெத்தனால் பக்கத்தில் நெருப்பு ஆகாது, கேட்டுக்கு வெளியே இருந்த கேன்டீனில் நடத்தலாம் என்று மெஹருன்னிசா பிடிவாதமாகச் சொன்னாள். எல்லோரும் கூடியதும், ஓட்டை விழுந்து ஒதுக்கிய ஒரு இரும்பு வாணலியை அடுப்பில் ஏற்றி, ஜாடி மணியில் இரண்டு பிடியைக் கொட்டினாள்.

"பலகாரமுங்களா?" என்று ரத்தினசாமி சிரித்தார்.

அவள் கிளறினாள். ரோஜா மங்கியது, ஊதா ஆனது, கொஞ்ச நேரத்தில் மயில் கழுத்துபோல நீலம் பளபளத்தது. சிரிப்பு நின்றது.

"கரண்டு டிரான்ஸ்பார்மர்லயும் இந்த மணிதான் இருக்கு. காத்துல வர்ற ஈரத்தை இது குடிச்சுரும். குடிக்கத் தெம்பு இருந்தா நீலம். வயிறு நெறஞ்சுட்டா ரோஜா. மூணு வாரமா உங்க டேங்கு மழைக்காத்தை அப்படியே குடிச்சிருக்குது. ஈரம் சேந்துச்சு, வினையூக்கி கரையாத உப்பா மாறிருச்சு. தண்ணிய யாரும் ஊத்தலைங்க, அது காத்துல வந்துச்சு. கோபிநாத் தம்பி, நீலம் எப்படி ரோஜா ஆச்சு?"

"முதலாளி ரோஜாதான் வேணும்னாருங்க," என்றான் கோபிநாத், அழாத குறையாக. "நீலத்தைத் தட்டுல கொட்டி மழைக்காத்துல வெச்சேன், தானா மாறிருச்சு. அதுக்கு எனக்குப் பொன்னாடைகூடப் போத்துனாருங்க!"

குற்றவாளியைச் சுட்டிக்காட்டப் பாண்டியின் விரல் ஆவலோடு உயர்ந்தது. அது முதலாளி பக்கம் திரும்புகிறது என்று தெரிந்ததும் பாதி வழியில் மடங்கிக் காதைச் சொறிந்தது.

ரத்தினசாமி தொண்டையைச் செருமினார். "போகட்டும். மௌனிகா, நான் உன்னைய மன்னிச்சுட்டேன்."

"என்னையங்களா? நாந்தானுங்க உங்கள மன்னிக்கோணும்!"

கேன்டீன்காரம்மா முதலில் சிரித்தாள். பிறகு கூட்டமே சிரித்தது. கடைசியில் ரத்தினசாமியும் தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டு மெமோவைக் கிழித்தெறிந்தார்.

மௌனிகா மீதி மணியையும் வறுத்தெடுத்து, ஆறிய நீல மணிகளை டப்பாவில் போட்டு இறுக்கி மூடிக்கொண்டு டேங்கை நோக்கி நடந்தாள். ஆவல் தாங்காமல் முதலாளியும் பின்னாலேயே போய் ஜாடிமேல் குனிந்தார்.

"தள்ளி நில்லுங்க," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. "உங்க மேலெல்லாம் ஈரம்."

ரத்தினசாமி இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.