லீவில் வந்தவன்

தபால்காரர் கன்னியப்பன் சகாயம்மாளிடம் நீட்டிய ஏர்மெயில் உறையில் அவள் புருஷன் செபாஸ்டியனின் கையெழுத்து இருந்தது. செபாஸ்டியனோ வீட்டின் பின்பக்கம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவது வாசல்வரை கேட்டது.

"ஊட்டுக்காரரே வந்துட்டாரு, லெட்டரு இன்னும் வந்துகினு கீது," என்று கன்னியப்பன் சிரித்தார். "கடலைத் தாண்டி வரணும்ல தங்கச்சி, லேட்டாத்தான் வரும்."

சகாயம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். அவன் வந்து பன்னிரண்டு நாளாகிறது. அதற்கு முன் மூன்றரை வருடம், அரபிக் கடல் தீவொன்றில், வெள்ளைக்காரர்களின் விமானப்படைத் தளத்துச் சலவைக்கூடத்தில் இருந்தான். பட்டாளத்து ஆள் இல்லை. பம்பாய்க் கம்பெனி ஒன்று பிடித்துக்கொண்டுபோன கான்ட்ராக்ட் ஆள். இரண்டே வருடம் என்று கையெழுத்து வாங்கியவர்கள் அதற்குமேலும் விடவில்லை. லீவு கேட்டு அவன் அங்கே அலைந்தான். இவள் இங்கே ஆவடி உடுப்புத் தொழிற்சாலையில் தையல் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, அந்தக் கம்பெனியின் பாரிமுனை ஏஜெண்டு ஆபீஸ் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். குமாஸ்தா ஜெயராமன் தலையை நிமிர்த்தாமலே, "அடுத்த மாசம் வாம்மா" என்பார். அவன் போனபோது வயிற்றில் இருந்த மகள் ஞானம் இப்போது இடது கன்னத்தில் குழி விழச் சிரித்து ஓயாமல் பேசுகிறாள்.

வாசலில் நின்றே கடிதத்தைப் பிரித்தாள். தேதியின் மேல் மை கலங்கியிருந்தது.

'சகாயம், இந்தத் தடவையும் லீவு லிஸ்டில் என் பேர் இல்லை. தகர ஷெட்டில் கட்டில் கம்பி தோலைச் சுடுகிறது. வேர்வைக்கு உப்பு மாத்திரையைக் கொடுத்து இஸ்திரி போடச் சொல்கிறார்கள். சினிமா போட்டால் எங்களுக்குத் திரைக்குப் பின்பக்கம்தான் இடம். பக்கத்துக் கட்டிலுக்குப் புது ஆள் வந்திருக்கிறான். தமிழ்தான், ஊர் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான். உன்னைப் பற்றி, வீட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். வேறு யாரிடம் பேசுவது? எல்லாவற்றையும் சொல்கிறேன்.'

ராட்டினச் சத்தம் நின்றிருந்தது. அவன் வாளியோடு பின்னால் நின்றான்.

"யாரு எழுதினது?"

"நீங்கதான். வர்றதுக்கு முன்னாடி போட்டிருப்பீங்க."

"ஆமாம்ல," என்றான் அவன். பிறகு, "படி. இன்னா எழுதிக்கீறேன்?"

அவள் படித்தாள். அவன் கேட்டான். முடித்ததும், "அப்புறம்?" என்றான்.

வந்த நாளிலிருந்து அவன் வாயில் அந்தச் சொல்தான். முதலில் அவளுக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. நசரத்பேட்டையில் பிறந்தது, அம்மா செத்தது, மெஷினில் ஊசி விரலில் இறங்கியது, கோபம் வந்தால் எந்தப் பல்லைக் கடிப்பாள் என்பதுவரை சொல்லியிருந்தாள். சொல்லி முடித்தால் உடம்பு லேசாக, காலியாக இருக்கும். தீவைப் பற்றி அவள் கேட்டால்தான் அவன் பேச்சை மாற்றுவான். வந்த அன்று பேசிய தளத்து ஆட்களின் பேச்சுக்கூட இப்போது இல்லை; அவள் பேசுவதுபோலவே பேசினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மத்தியானம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெயிலில் படபடவென்று வெடிக்க, மூவரும் பாயில் படுத்திருந்தார்கள். தூக்கம் வராமல் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இழுக்கும்போது அவன் இழுத்தான். அவள் விடும்போது விட்டான். சளி பிடித்த அவள் மூக்கில் எழுந்த சின்ன விசில்கூட ஒரு கணம் தள்ளி அவன் மூக்கில் எழுந்தது. அவள் மூச்சை அடக்கினாள். அவனுடையதும் நின்றது. எதிர்ச்சுவரில் கடிகாரம் மட்டும் ஓடியது. தாங்க முடியாமல் அவள் மூச்சு விட்டபோது, பக்கத்திலும் ஒரு மூச்சு உடைந்து வெளியே வந்தது.

மறுநாள் காலை ஞானத்தைப் பக்கத்து வீட்டுத் தாயம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். ஸ்டேஷன் ரோட்டில் கன்னியப்பன் சைக்கிளை நிறுத்தி இன்னொரு உறையைக் கொடுத்தார். இதில் தேதி தெளிவாக இருந்தது. அவன் இங்கே வந்து ஐந்தாம் நாளின் தேதி.

'சகாயம், பக்கத்துக் கட்டில் ஆளைக் காணோம். என் பெட்டியும் பாஸ்போர்ட்டும் காணோம். ஆபீசில் கேட்டால், செபாஸ்டியன் லீவில் போய்விட்டானே என்கிறார்கள். நான்தான் செபாஸ்டியன் என்று எதிரே நின்று கத்துகிறேன், லிஸ்டைக் காட்டுகிறார்கள். சாப்பாட்டு டோக்கனை நிறுத்திவிட்டார்கள். நேற்றிலிருந்து கூட இருந்தவர்களும் கூப்பிட்டால் திரும்புவதில்லை. அவன் அங்கே வந்தால் கதவைத் திறக்காதே. திறந்துவிட்டிருந்தால், கேட்பதற்குப் பதில் சொல்லாதே. நான் சொல்லச் சொல்லத்தான் அவனுக்கு என் முகம் வந்தது.'

வீட்டுக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. குழந்தை தாயம்மாவிடம் பத்திரமாக இருக்கிறாள் என்று தனக்கே சொல்லிக்கொண்டு பாரிமுனைக்குப் போக ரயில் ஏறினாள்.

பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்காரவைத்த பிறகு ஜெயராமன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். "கையெழுத்து இருக்கு. பாஸ்போர்ட் நம்பர் இருக்கு. ஆளு ஊட்ல கீறாரா இல்லையா?"

"கீறாரு சார். ஆனா அது அவரு இல்ல. இதைப் படிச்சுப் பாருங்க."

அவர் கடிதத்தைத் தொடவில்லை. "வருசக்கணக்கா அனுப்பு அனுப்புன்னு உசிரை வாங்கின. அனுப்பினா அதுவும் தப்பா? நகரு, பின்னால ஆளு நிக்குது."

"சார், அவரு இன்னும் அங்கியேதான் கீறாரு. சோறு இல்லாம கீறாரு சார்."

ஜெயராமன் அதற்குள் அடுத்தவரோடு பேச ஆரம்பித்துவிட்டார். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். மேஜையைத் தட்டினாள். யாரும் திரும்பவில்லை.

திரும்பி வரும் ரயிலில், அம்பத்தூரில் ஏறிய ஒருத்தி காய்கறிக் கூடையைக் காலி இடத்தில் வைப்பதுபோல அவள் மடியில் வைத்தாள். "இன்னாம்மா, கண்ணு தெரியலையா?" என்று கத்தினாள் சகாயம்மாள். அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

ஆவடியில் இறங்கியபோது விளக்கு வைக்கும் நேரம். ஓடினாள். தாயம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொழந்த எங்க?"

புடைக்கும் சத்தம் நிற்கவில்லை.

"அக்கா! ஞானம் எங்க?"

தாயம்மா மெல்லத் தலை தூக்கி, இருட்டில் எதையோ தேடுவதுபோலக் கண்ணை இடுக்கினாள். "ஞானமா? சகாயம் மத்தியானமே வந்து இட்டுகினு பூட்டாளே. நீ யாரும்மா?"

சொந்த வீட்டின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். கை வலித்தது. சத்தம் எழவில்லை.

ஜன்னல் திறந்திருந்தது.

உள்ளே அரிக்கேன் விளக்கு. மீன் குழம்பு வாசனை. பாயில் செபாஸ்டியன் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில், சகாயம்மாளின் புடவையில், சகாயம்மாளின் முதுகு. அவளுடைய கொண்டை. பன்னிரண்டு நாளாக அவள் சொன்னதெல்லாம் சேர்ந்து அங்கே உட்கார்ந்திருந்ததுபோல. ஞானம் அந்த மடியில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"ஞானம்!"

குரல் வெளியே வரவில்லை. தொண்டையில் காற்று மட்டும்.

"அப்புறம்?" என்றது உள்ளே, சகாயம்மாளின் குரல்.

"அப்புறம் தாயம்மா பெரியம்மா எனுக்கு வெல்லம் குட்த்தாங்க."

"அப்புறம்?"

"நான் பூனைக்குக் கொஞ்சம் குட்த்தேன்."

குழந்தை அவர்கள் இருவரையும் பார்த்துப் பேசவில்லை. எதிரே பார்த்துப் பேசினாள். சகாயம்மாள் கம்பியில் முகத்தை அழுத்தி எட்டிப் பார்த்தாள்.

அந்த இருவரோடு மூன்றாவதாக ஒன்று பாயில் இருந்தது.

ஞானத்தின் உயரம். ஞானத்தின் கவுன். கைகளை மடியில் வைத்து, அசையாமல், கேட்டுக்கொண்டிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் பிசைந்த மாவுபோல வழுவழுவென்றிருந்தது.

ஞானம் சிரித்தபடி அடுத்ததைச் சொன்னாள்.

அந்த வழுவழுப்பில், இடது பக்கம், மெல்ல ஒரு கன்னக்குழி விழுந்தது.