தொட்டிக்கு வெளியே நின்ற குரல்

கூழ்த் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக்கொண்டிருந்த ராயம்மாள், தொட்டிக்கு வெளியே தன்னுடைய குரலே ஒலிப்பதைக் கேட்டாள்.

"ஏறிட்டேங்க."

காரிமங்கலத்தை அடுத்த அந்த மாம்பழக்கூழ் ஆலையில், தொட்டியைக் கழுவ இறங்கியவள் மேலே ஏறி வந்து, தன் வாயால் அவ்வாறு கூறிய பின்னரே தொட்டியின் கத்திகளைச் சுழற்றும் சுவிட்சைத் தொட வேண்டும் என்பது தொழிலாளர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு. இப்போதோ சுவிட்சின் அருகில் ஆள் இல்லை. அச்சொல்லைக் கேட்டவுடன் தானே சுவிட்சைப் போடும் கருவியைப் பொருத்தியிருந்தனர். அதனைப் பழக்குவதற்கு ராயம்மாளின் குரலையே பதிவு செய்திருந்தனர்.

"நவநீதன் சார், விளையாடாதீங்க! நான் உள்ளதான் இருக்கறேன்!"

"நான் எதுவும் போடலீங்கக்கா," என்று வாசலிலிருந்து சிரித்தார் பொறியாளர். "ஸ்பீக்கரே கழட்டி டேபிள் மேல கெடக்குது. மாம்பழ வாசன தலைக்கு ஏறிடுச்சா?" அவருடைய காலடியோசை விலகிச் சென்றது.

புளித்த கூழின் நெடியும் ஈர இரும்பின் குளிர்ச்சியும் சூழ்ந்திருக்க, கூரைத் தகரத்தின் இடுக்கு வழியே விழுந்த மாலை வெயில் தொட்டியின் சுவரில் மெல்ல மெல்ல ஏறி மறைய, அவளுடைய முழங்காலை உரசி நின்ற கத்திகளின் அடியில் ஏதோ ஒன்று தேனீக்கூட்டம் போல முனகத் தொடங்கியது.

"ஏறிட்டேங்க. ஓட்டுங்க."

இரண்டாவது சொல்லை அவள் எவரிடமும் பதிவுக்குக் கூறியதில்லை.

கத்தி அசைந்தது.

"நான் ஏறல!" என்று அலறினாள். "உள்ள இருக்கறது என் உசுரு. ஏறிட்டேன்னு நாந்தான் சொல்லணும். நீ யாருடி?"

கூழைச் சுரண்ட வைத்திருந்த இரும்புத் துடுப்பைக் கத்திகளுக்கிடையே செருகினாள். துடுப்பு வளைந்தது. கிறீச்சிட்டது. ஏணியைப் பற்றினாள். கெண்டைக்கால் கிழிந்தது. ஏறினாள். வெளியே விழுந்தாள். ஓடிச்சென்று மெயின் சுவிட்சின் பிடியைக் கீழே இழுத்தாள்.

நிசப்தம்.

நவநீதன் ஓடி வந்தார். "மெயின ஏங்க்கா எறக்குனீங்க? வெளிய லோடு நிக்குது!"

"நிக்கட்டும் சார். இனி ஆளு நின்னு, ஆளு மூஞ்சியப் பாத்துத்தான் இத ஓட்டணும். வேற எவனாவது தொட்டான், கைய ஒடச்சுப்புடுவேன்."

அவரோ அவளுக்குப் பின்னால் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடுகள் வெளுத்திருந்தன.

ராயம்மாள் திரும்பினாள்.

தொட்டியின் விளிம்பை உள்ளிருந்து ஒரு கை பற்றியது. மஞ்சள் கூழ் வழியும் கை. பிறகு மற்றொரு கை. ஈரக் கூந்தல் எழுந்தது.

அவள் சுவிட்சின் பிடியை விடவில்லை. இரு கைகளாலும் இறுக்கினாள்.

"வாடி," என்றாள்.

விளிம்புக்கு மேல் முகம் உயர்ந்தது. கண்கள் இல்லை. மூக்கு இல்லை. வாய் மட்டும். ராயம்மாளுடைய வாய். அது திறந்துகொண்டிருந்தது.