அண்ணனா, அத்தை மகனா?

“அப்ப உங்க கதாநாயகி கடைசி அத்தியாயத்துல அண்ணனையே கட்டிக்கிறாளா?”

“சொந்த அண்ணன் இல்ல. ஒன்றுவிட்ட அண்ணன். ஒழுங்கா படிச்சீங்களா இல்லையா?”

“ஒழுங்கா படிச்சதாலதாங்க கேக்கறேன். முப்பத்தோரு இடத்துல ‘அண்ணா’ன்னு கூப்பிட்டுட்டு, அதுக்கப்புறம் முத்தம் குடுக்கறா… எனக்குப் பக்குனு ஆயிடுச்சு.”

வினோதினிக்குச் சுருக்கென்றது. தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகம். அதில் பக்கம் அமைப்பவன் இந்தத் தருமன். இதுவரை மின்னஞ்சலில் மட்டுமே தெரிந்தவன். நேரில் பார்த்தால்… பேசுவதற்கு முன்பே சிரித்துவிடும் கண்கள். அதுதான் இன்னும் எரிச்சல். இரண்டு வருடம் உட்கார்ந்து அவள் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய முதல் நாவல், ஆறு மணிக்கு அச்சேறப் போகிறது. இப்போது மணி நான்கு. நடுவில் இவன் யார்?

“மூலத்துல கஸின்னு இருக்கு. அதுக்கு இதுதான் அர்த்தம். எந்த அகராதியை வேணா பாருங்க.”

“அகராதிக்கு ஏதுங்க கல்யாணம், காட்சி? சித்தப்பா பையனும் கஸின்தான், அத்தை பையனும் கஸின்தான். ஆனா ஒருத்தன் தாலி கட்டுவான், இன்னொருத்தன் சீர் எடுத்துக்கினு வருவான். ரெண்டு பேரையும் ஒரே மணையில உக்கார வெச்சா எப்படி?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோற்றதாகிவிடுமே…

“டைப் பண்றவங்க டைப் பண்ணா போதும்.”

சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சிரிப்பு மறைந்தது. பார்வை மட்டும் அவளை விட்டு நகரவில்லை.

விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள். மழை வாசலை அடைத்துக்கொண்டு கொட்டியது. தெருக்கோடியில் தெரியும் மலை முழுக்க மேகத்துக்குள் போயிருந்தது. தெருவில் ஒரு ஆட்டோகூட இல்லை.

“குடை இருக்கு, தரட்டுமா?” என்றது பின்னாலிருந்து குரல். “இல்லன்னா, இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போறீங்களா?”

மழைக்காகத்தான் திரும்பினாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

திரையில் இருந்தவை அவளுடைய வரிகளேதான். கதாநாயகனின் அம்மா, பனி மூடிய ஒரு வீட்டைக் காட்டிக் கதாநாயகியிடம் சொல்கிறாள்: ‘உன் அப்பாவும் நானும் இந்த வீட்டில்தான் பிறந்தோம்.’

அப்பாவோடு பிறந்தவள்… அத்தை! ‘ஆன்ட்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி, அவளைப் புத்தகம் முழுக்கப் பெரியம்மா ஆக்கிவைத்திருந்தாள் வினோதினி. பனியை வர்ணிக்கிற ஆசையில் உறவைக் கோட்டைவிட்டிருந்தாள்.

“அப்ப அவன் அண்ணனே இல்ல… அத்தை மகன்!”

“கட்டிக்கிற முறை” என்றான் தருமன், ரொம்ப அடக்கமாக.

“சாரிங்க. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எல்லா இடத்துலயும் மாத்திடலாம். ஆனா ‘அத்தான்’னு போட்டா, பனியில வேட்டி கட்டிவிட்ட மாதிரி ஆயிடாது?”

“பேரைச் சொல்லியே கூப்பிடட்டுமே. அவங்க ஊர்ல அது தப்பில்ல.”

இந்த முறை இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். அவள் வாசிக்க, அவன் திருத்தினான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தடவை அவன் நிமிர்ந்து பார்ப்பான்; அவள் சட்டென்று திரையைப் பார்ப்பாள். கடைசி இடம் முடிந்தபோது மணி ஐந்தரை. மழை தூறலாகியிருந்தது.

“இன்னொண்ணு…” தருமன் தயங்கினான். “சமர்ப்பணத்துல உங்கப்பா பேரைப் பாத்தேன். அடி அண்ணாமலை சக்திவேல்னு. எங்கம்மாவுக்கும் பொறந்த ஊர் அதுதான். நேத்தே அவங்ககிட்ட விசாரிச்சேன்.”

“எதுக்கு?”

“பனியை இவ்வளவு அழகா எழுதறவங்க யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு… எங்க தாத்தாவும் உங்க தாத்தாவும் பங்காளிங்களாம்.”

வினோதினிக்குத் திக்கென்றது. பங்காளி வீட்டுப் பையன் என்றால் அண்ணன். இந்தக் கண்களை இனிமேல் அண்ணனின் கண்களாகப் பார்க்க வேண்டுமா? முடியாது… இவ்வளவு சீக்கிரம் ‘முடியாது’ என்று அடம்பிடிக்கும் தன் மனதைக் கண்டு அவளுக்கே வியப்பு.

“எந்தத் தாத்தா? உங்க அப்பாவைப் பெத்தவரா, அம்மாவைப் பெத்தவரா?”

“அம்மாவைப் பெத்தவரு. உங்கப்பா எங்கம்மாவுக்கு அண்ணன் முறை.” அவன் நிமிர்ந்தான். “அதைக் கேட்டதிலிருந்துதான், இந்தக் கதையில முறை தப்பா இருக்கறதை என்னால தாங்கிக்க முடியல.”

அவள் மனதுக்குள் முறையைக் கூட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. இன்னொரு தடவையும் பார்த்தாள்… அப்போதும் அதேதான் வந்தது.

அச்சுக்கு ஒப்புதல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். வெட்கம் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

“தருமன்… உங்கம்மாவை ஒரு நாள் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றீங்களா? அத்தையை நான் பாத்ததே இல்ல.”