குளத்துக்கு முன்னால் ஒரு கதிரை

அன்று டூட்டிங் நூலகத்துக்குள் கால் வைக்க இடமில்லை. சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த இயற்கை ஓவியங்கள். பிடித்த ஓவியத்தின் கீழே வந்தவர்கள் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டலாம். அதிகப் பொட்டு வாங்கும் ஓவியம் ஒரு வருடம் அங்கேயே தொங்கும்.

நரிப் படத்துக்கு இருபது பொட்டு. அணிலுக்குப் பதினாறு. பத்து வயதுக் கோசிகாவின் படத்துக்கு? ஒன்றே ஒன்று. அதுவும் அவள் அப்பா ஒட்டியது!

பாவம், அவள் ஒன்றும் சும்மா கிறுக்கவில்லை. அண்ணன் யனுஷன் கிரிக்கெட் பழகிய நேரமெல்லாம், பூங்காக் குளத்தருகே உட்கார்ந்து தண்ணீரையே பார்த்திருந்தாள். பார்த்ததைத்தான் வரைந்தாள். ஆனால் படத்தில் கரையும் இல்லை, மரமும் இல்லை. பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்துக்குள் மங்கலான வளையங்கள், அவ்வளவுதான்.

வந்தவர்கள் "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே நரியிடம் போய்விட்டார்கள்.

"கீரைக்கறி கொட்டின மாதிரிக் கிடக்கு," என்றான் யனுஷன். "இந்தா பேனை. ஒரு வாத்துக் கீறிவிடு. சனம் வரும்."

கோசிகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சுவரில் தன் குளம் இருக்கவேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பாள்! பேனையை வாங்கிப் படத்தருகே கொண்டும் போய்விட்டாள். பிறகு கையை இறக்கினாள்.

"ஏலாது அண்ணா. நான் பாக்கேக்கை அங்கை வாத்து இல்லை."

அப்போது பக்கத்து வீட்டுச் சிவமலர் அன்ரி இரண்டு கையிலும் காய்கறிப் பைகளோடு வந்தார்.

"கால் உளையுது பிள்ளை. எங்கையாவது இருக்க ஏலுமோ?"

"நில்லுங்கோ அன்ரி, கதிரை கொண்டு வாறன்."

கொண்டுவந்த கதிரையை எங்கே போடுவது? எங்கும் ஒரே கூட்டம். கோசிகாவின் படத்துக்கு முன்னால் மட்டும்தான் ஈ காக்கை இல்லை. அங்கேயே போட்டாள்.

அன்ரி பைகளை இறக்கிவிட்டு அமர்ந்தார். வேறு வேலை இல்லாததால் எதிரே இருந்த படத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் போனது.

"பிள்ளை!" நூலகம் என்பதையே மறந்து கத்தினார். "குளத்திலை மழை தூறுது! வளையம் வளையமா விரியுது!"

கோசிகாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடடா, குளத்தை அவளும் நின்றுகொண்டா பார்த்தாள்? அன்ரி எழுந்த பிறகும் கதிரையை அவள் எடுக்கவில்லை. 'ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள்' என்று தாளில் எழுதி அதன் முதுகில் ஒட்டினாள்.

ஒருவர் உட்கார்ந்தார். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் வரிசை வாசல்வரை போய்விட்டது! "அடியிலை மீன் மூச்சு விடுது," என்றான் ஒரு சின்னப் பையன். பொட்டு ஒட்ட இடம் போதாமல் பக்கத்துச் சுவரிலும் ஒட்டினார்கள். மொத்தம் ஐம்பத்தெட்டு!

வரிசையின் கடைசியில் யனுஷன் நின்றான்.

"என்ன அண்ணா, கீரைக்கறி பாக்க வந்தனியோ?"

அவன் வாய் திறக்காமல் உட்கார்ந்தான். அவன் ஒரு முழு நிமிடம் பேசாமல் இருந்ததை அவர்கள் வீட்டில் யாரும் கண்டதில்லை.

"வாத்து இருக்கடி," என்றான் மெதுவாக. "இப்பதான் தண்ணிக்குள்ளை முங்கினது."

கோசிகாவின் குளம் இப்போது அந்தச் சுவரில்தான் இருக்கிறது. முன்னால் அந்தக் கதிரையும் இருக்கிறது. உட்காரவேண்டுமானால், நீங்களும் வரிசையில்தான் வரவேண்டும்.