நரம்பு அறுத்த இதயம்

நிற்க வேண்டிய இதயம் நிற்கவில்லை. கால்சியமே இல்லாத கரைசல் இறங்கும் கண்ணாடிக் குழாயின் நுனியில், அவரை விதையளவு எலி இதயம் அடம்பிடித்துத் துடித்துக்கொண்டிருந்தது.

அன்று ஆயுத பூசை. காலையில் ஆய்வு மாணவி அருந்ததிதான் ஆய்வகக் கருவிகளுக்கெல்லாம் குங்குமப் பொட்டு வைத்தாள்.

"சாமிக்கு வச்ச சாமான இன்னைக்குத் தொடக் கூடாதுன்னு உங்க ஆளுங்கதானே சொல்வீங்க மிஸ்? நாளைக்குச் செய்யலாம்லா," என்று ஆய்வக உதவியாளர் ஆர்தர் கேலி செய்தார்.

"புரொஃபசர் நாளைக்கே ரிசல்ட் கேக்குறாரு அண்ணே."

அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

இதயம் நிற்காததன் காரணம் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. குங்குமத்தில் சுண்ணாம்பு உண்டு, சுண்ணாம்பில் இதயத்தைத் துடிக்கவைக்கும் கால்சியம். விரலில் ஒட்டியிருந்தது கரைசலில் கலந்திருக்கும். தன் அசட்டுத்தனத்தை நினைத்துச் சிரித்தபடி குழாயையும் குடுவையையும் கழுவி, ஈரமான மரத்தூளும் ஈதரும் அணைந்த ஊதுவத்தியும் கலந்து வீசிய அந்த அறையில், ஜன்னலை அறையும் மழையைக் கேட்டுக்கொண்டே புதுக் கரைசலை ஊற்றினாள்.

துடிப்பு நிற்கவில்லை.

இடி இடித்தது. அவள் திடுக்கிட்டாள். குழாயில் இதயமும் துள்ளி, தலைதெறிக்கத் துடிக்கத் தொடங்கியது.

பயத்தை இதயத்துக்குச் சொல்வது நரம்பு. இதற்கு நரம்பே இல்லை. மதியம் அவள்தான் அறுத்தாள்.

மூச்சை அடக்கினாள். அது மெதுவானது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தாள். அதே துடிப்பு. இம்மியும் பிசகவில்லை.

பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. கால்சியம் நுழையும் வாயில்களை அடைக்கும் மருந்தை ஊசியில் எடுத்து, மொத்தத்தையும் குழாயில் செலுத்தினாள்.

துடிப்பு தளர்ந்தது.

அவள் முழங்கால் மடங்கியது. நெஞ்சில் பாரம். கண் இருட்டியது. மருந்தை முறிக்கும் கால்சியம் புட்டி மேசையின் மறுகோடியில். கை எழவில்லை. சாகப் போகிறோம் என்று புரிந்தது.

கதவு திறந்தது.

"ஐயோ, என்ன மிஸ், மயக்கமா? அப்பவே சொன்னேன்லா!" ஆர்தர் ஓடிவந்து அவளைச் சுவரில் சாய்த்தார். "அக்கரைக்குப் போற ஃபெரிக்கு நேரமாச்சு. இருங்க, இத வெட்டிப் போட்டுட்டு உங்கள கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன்."

வேண்டாம் அண்ணே.

உதடு மட்டும் அசைந்தது. குரல் வரவில்லை.

அவர் கத்தரிக்கோலை எடுத்து விரித்தார். மருந்தில் ஓய்ந்து கிடந்த அது, இரண்டு அலகுகளுக்கும் நடுவில், படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது.