சுகர் லேண்டில் காணாமல் போன பரிந்துரை

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, ஹூஸ்டனை அடுத்த சுகர் லேண்டில், அனந்தராமன் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலோர நீள சோபாவின் வலது மூலையில் அனந்தராமன். இடது மூலையில், நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம் என்னும்படி இடம் விட்டு, ஜெயபிரகாஷ். எதிரே ஒற்றை நாற்காலியில் செல்வராஜ். அவர் பக்கத்து மோடாவில் அவர் மனைவி வசந்தாமணி. சமையலறை வாசலை ஒட்டிப் போட்ட நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக, வீட்டுக்காரி பர்வதம்.

எந்தக் கூட்டமானாலும் யார் வந்தார், எங்கே உட்கார்ந்தார் என்று முதலில் நோட்டில் எழுதிவிடுவது செல்வராஜின் வழக்கம். கனடாவின் ஆல்டர்ஃபோர்டு பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சங்கத்தின் டெக்சாஸ் கிளைக்கு அவர் இணைச் செயலாளர். ஜெயபிரகாஷ் செயலாளர். விண்கலங்களுக்குப் பாதை கணக்கிடும் அனந்தராமன் தலைவர்.

பல்கலைக்கழகத்துக்கு நூறு வயது. புகழ்பெற்ற முன்னாள் மாணவர்கள் என்று ஒரு மலர் போடுகிறார்கள். இரண்டு ஆளுநர்கள், ஒரு தலைமை நீதிபதி, பனிக்கரடியின் பல்லை ஆராய்ந்தே பெயர் வாங்கிய ஓர் அம்மையார் எல்லோரும் ஏற்கெனவே உள்ளே. கிளைக்கு ஒரு பெயர் அனுப்பலாம். ஒரே ஒரு வோட்டில் ஜெயபிரகாஷைத் தோற்கடித்து அனந்தராமன் தேர்வாகியிருந்தார். புடைப்பு முத்திரை போட்ட தடித்த படிவம் கிளைக்கு ஒன்றுதான். செயலாளர்கள் இருவரும் பேனாவால் கையெழுத்திட்டு, கடைசி நாளான அன்றைய தேதி முத்திரையோடு தபாலில் அனுப்பியாக வேண்டும். தபால் நிலையம் பன்னிரண்டரைக்கு மூடிவிடும்.

பத்தரை வரை யாரையும் பேனாவைத் தொடவிடவில்லை பர்வதம். "சனிக்கிழமை ஒன்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம். காலண்டர்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கான்" என்றார்.

"சென்னையில அச்சடிச்ச காலண்டர். அது ஹூஸ்டன் சூரியனைப் பார்த்திருக்கா?" என்று அனந்தராமன் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நேரம் காலம் பார்ப்பதை மேடைக்கு மேடை கிண்டல் செய்கிறவர் ஆயிற்றே.

பத்து முப்பத்தைந்துக்குக் கையெழுத்து ஆயிற்று. படிவத்தை ஹால் மேஜையிலேயே வைத்துவிட்டு எல்லோரும் எழுந்தார்கள். பர்வதம் கறிவேப்பிலைச் செடியைக் காட்ட வசந்தாமணியைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார். கத்தரிக்கோல் எடுக்க ஒரு தடவை மட்டும் உள்ளே வந்தார். ஜெயபிரகாஷ் போன் சார்ஜர் எடுக்கக் காருக்குப் போனார். அனந்தராமன் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். செல்வராஜ் டைனிங் டேபிளில் போளி சாப்பிட்டார்.

பதினோரு மணிக்கு உறையோடு திரும்பி வந்தபோது மேஜை காலி.

சோபாவைப் புரட்டினார்கள். கம்பளத்தைத் தூக்கினார்கள். கடைசியில் பர்வதம் சொன்னார்: "நான் யாரையும் சொல்லலைப்பா. ஆனா கார் வரைக்கும் போயிட்டு வந்தது ஒருத்தர்தான்."

ஜெயபிரகாஷின் முகம் செத்துவிட்டது. "ஆன்ட்டி, என் காரை செக் பண்ணிக்குங்க. சாவி இந்தாங்க." பிறகு வசந்தாமணியிடம் திரும்பினார். "அக்கா, நீங்க இன்ஷூரன்ஸ்ல பொய் கிளெய்ம் புடிக்கிற வேலைதானே பண்றீங்க? இதையும் புடிங்க. பன்னெண்டரைக்குள்ள அது கிடைக்கலேன்னா நாளைக்கு வாட்ஸப் குரூப்ல நான்தான் திருடன். இந்த ஊர்ல ஒரு பாட்லக் விருந்துக்குக் கூட எம் பொண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக முடியாது."

"பதறாதீங்க தம்பி" என்றார் வசந்தாமணி. கோபிச்செட்டிபாளையத்து நிதானம் அவருக்கு. இருபது வருஷ அமெரிக்காவும் அதை வேகப்படுத்தவில்லை.

செல்வராஜுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. மனைவியை ஓரமாக இழுத்துக் கிசுகிசுத்தார்: "மணி, கேஸ் முடிஞ்சுது. பர்வதம் மாமிதான். ராகு காலத்துக்குப் பயந்து ஒளிச்சு வெச்சுட்டாங்க. கத்தரிக்கோல் சாக்குல உள்ள வந்தாங்கல்ல?"

"அவங்களுக்கு ராகு காலம் பத்தரைக்கே முடிஞ்சுதுங்களே. முடிஞ்சப்புறம் எதுக்கு ஒளிக்கணும்?"

செல்வராஜ் நோட்டில் ஒரு பெயரை அடித்தார். "அப்ப ஜெயபிரகாஷ்?"

"கெடுக்கணும்னா கையெழுத்தே போடாம வயித்துவலின்னு வீட்டுல படுத்திருக்கலாமுங்க. போளி திங்க வந்தீங்களா, கவனிக்க வந்தீங்களா?"

ஹாலில் அனந்தராமன் மட்டும் கால்மேல் கால் போட்டிருந்தார். "எதுக்குப் பதட்டம்? பன்னெண்டரை வரைக்கும் டைம் இருக்கு. எங்கேயும் போயிருக்காது. பர்வதம், இன்னொரு ரவுண்டு காபி போடேன்."

"ஏன், நீங்களே போடுங்கோ" என்றார் பர்வதம் எரிச்சலோடு. "இன்னிக்குத்தான் அதிசயமா டம்ளரெல்லாம் எடுத்து உள்ள வெச்சேளே. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல இதான் முதல் தடவை."

வசந்தாமணி ஹால் மேஜையைப் பார்த்தார். அனந்தராமனின் காபி டம்ளர் இருந்த இடத்தில் ஈரவட்டத்தோடு ஒரு காகித நாப்கின் கிடந்தது. அதில் பேனாவால் நான்கு எண்கள்: 6.30, 8.22, 832, 104. அதை எடுத்து மடித்துக்கொண்டு சமையலறையை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் மாமி, இந்த டிஷ்வாஷரு ஓடுமுங்களா?"

"அதை யார் ஓட்டறா? வீடு வாங்கின நாள்லேர்ந்து பாத்திரம் அடுக்கிக் காயவெக்கிற அலமாரிதான். நம்மாத்துப் பத்துப் பாத்திரத்தைக் கையால தேய்ச்ச மாதிரி அது தேய்க்குமா?"

"எங்க வீட்லயும் அப்படித்தானுங்க." வசந்தாமணி குரலை உயர்த்தினார். "ஏனுங்க, உள்ள இருக்கிற டம்ளரோட அதை ஒருக்கா ஓட விடுங்க. மாமி பாவம், எத்தனைதான் கழுவுவாங்க."

செல்வராஜ் சுறுசுறுப்பாகப் போய்ப் பொத்தானில் விரல் வைத்தார்.

"வேண்டாம்!"

ஐம்பத்தொன்பது வயது அனந்தராமன் மேஜையைத் தாண்டிக் குதித்து வந்து டிஷ்வாஷரின் கதவை அணைத்துக்கொண்டார். பிறகு அவரே மெதுவாகத் திறந்தார். மேல்தட்டில் காபி டம்ளர்கள். கீழ்த்தட்டில் இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே, கோப்பு அடுக்கியதுபோல் நேராக, படிவம்.

"என்னன்னா இது!" என்றார் பர்வதம்.

வசந்தாமணி நாப்கினை விரித்தார். "ஹூஸ்டன்ல இன்னைக்குச் சூரியன் உதிக்கிறது ஆறரை. மறையறது எட்டு இருபத்திரண்டு. நடுவுல எண்ணூத்தி முப்பத்திரண்டு நிமிஷம். எட்டால வகுத்தா நூத்தி நாலு. சனிக்கிழமைக்கு மூணாவது பங்கு ராகு காலம். கணக்குப்படி ஒன்பது அம்பத்தெட்டுல ஆரம்பிச்சுப் பதினொண்ணு நாப்பத்திரண்டுல முடியுது. மாமிக்குக் காலண்டர் போதும். இவ்வளவு துல்லியமா பயப்படறதுக்கு விண்கலம் படிச்சிருக்கணுமுங்க."

"ஆனா சார்தான் நம்பறதில்லையே!" என்றார் செல்வராஜ்.

"அவரு காலையில ராகு காலமே இல்லைன்னு சொன்னாருங்களா? காலண்டரு தப்புன்னுதானே சொன்னாரு. எல்லாரும் தவிக்கிறப்ப அவரு மட்டும் காபி கேட்டாரு, பொருள் எங்க இருக்குதுன்னு தெரிஞ்சவர்தான் அப்படிக் கேப்பாரு. முப்பத்தோரு வருஷமா டம்ளர் எடுக்காதவரு இன்னைக்கு எடுத்திருக்காரு. தமிழ் வீட்ல யாரும் ஓட்டாத மெஷின் ஒண்ணுதான்."

அனந்தராமன் தலை நிமிரவில்லை. "கையெழுத்துதான் போட்டாச்சு, தபால்ல சேர்க்கிறதாவது நல்ல நேரத்துல இருக்கட்டும்னு... பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கு நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். வெளில சொல்ல வெட்கமா இருந்தது. எங்கப்பா பரீட்சைக்கு அனுப்பறப்ப பார்ப்பார். அது போகலை."

"அதுவரைக்கும் நான் திருடனா சார்?" என்றார் ஜெயபிரகாஷ்.

பர்வதம் ஜெயபிரகாஷின் கார் சாவியை மேஜையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார். "மன்னிச்சுக்கோப்பா. என் வாய் அப்படி."

செல்வராஜ் படிவத்தைத் துடைத்தார். கண்ணில் பட்ட வரி அவருடைய சொந்தக் கைவண்ணம்: 'நல்ல நேரம், கெட்ட நேரம் பார்க்கும் பழக்கத்துக்கு எதிராக டெக்சாஸ் தமிழரிடையே அயராது பேசிவருபவர்.' "இந்த வரியை என்ன செய்யறது? அடிச்சா ஃபாரமே செல்லாது. விட்டா பொய்."

ஜெயபிரகாஷ் அதை வாங்கிப் படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று இருபது.

"வரி இருக்கட்டும். அதை உண்மையாக்க சாருக்கு இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருக்கு. இப்பவே கிளம்பலாம். சார் கையாலேயே ஒட்டணும், சார் கையாலேயே கொடுக்கணும். நான் டிரைவ் பண்றேன். அவ்வளவுதான் என் கண்டிஷன். இது வெளில போகாது."

"இப்பவேவா?" என்றார் அனந்தராமன். உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்தார்.

"ராகு காலம் பத்தரைக்கே முடிஞ்சாச்சே, போங்கோ" என்றார் பர்வதம் உற்சாகமாக.

ஐந்து பேரும் ஒரே காரில் போனார்கள். தபால் நிலையத்தில் கூட்டமில்லை. அனந்தராமன் உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து மடித்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். அப்போது மணி பதினொன்று முப்பத்தைந்து. செல்வராஜ் பார்த்தார், நோட்டில் எழுதவில்லை.

கவுன்டரில் இருந்த பெண்மணி உறையை எடை போட்டுவிட்டு, உடைவது, ஒழுகுவது, கெடுவது ஏதாவது உள்ளே உண்டா என்ற வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: "எனிதிங் ஃப்ராஜைல், லிக்விட் ஆர் பெரிஷபிள்?"

அனந்தராமன் ஜெயபிரகாஷைத் திரும்பிப் பார்த்தார்.

ஜெயபிரகாஷ் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, "நோ மேம். ஜஸ்ட் எ லெட்டர். ஹி இஸ் அவர் பிரசிடென்ட்" என்றார்.

அவள் முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைப் பின்னாலிருந்த தொட்டியில் வீசினாள்.